பாலை ஆவதும் நம்மாலே

கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய அன்று, அறைத் தோழர் ஒருவர் என் ஊர்ச் செய்தி கேட்டார். "குடிநீர் லாரியில் வருகிறது, குடங்கள் வரிசையில் நிற்கின்றன" என்றேன். அவர் நகைத்தார். "கேரளத்தில் பிறந்தவர் சொல்லும் சொல்லா இது? அங்கே 44 ஆறுகள் ஓடுகின்றன என்று பள்ளியிலேயே படித்தோமே!" என்றார்.

அவர் மீது குற்றமில்லை. கேரளம் என்றால் காயலும் தோணியும் மழைக்குடையும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்த மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழகத்தை ஒட்டியபடி, மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் நிலம் ஒன்று உண்டு. பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை. இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், சின்னாறு. அங்கே வாழும் மக்களில் பெரும் பகுதியினர் வீட்டில் பேசுவது தமிழ். நான் வேலந்தாவளத்துக்கு அருகில் பிறந்தவன். அந்தச் சிறுநகர்களைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல நம் மன்றத்து இதழில் இடம் கேட்கிறேன்.

முதலில் நில இயல்பைக் காண்போம். கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தச் சராசரியில் பாதிகூட இந்தக் கிழக்கு ஓரத்துக்குக் கிட்டுவதில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. மறையூர்ப் பக்கம் தென்மேற்குக் காற்றை 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் அதன் துணை மலைகளும் மறித்து நிற்கின்றன. காற்று மூணாற்றில் தன் சுமையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மறுபுறம் இறங்குகிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நனைந்தவர் நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து மறையூரைக் கடந்தால் கள்ளிச் செடியைக் காணலாம். சின்னாற்றில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவே. பாலக்காட்டுப் பக்கம் நிலைமை வேறு. அங்கே கணவாய் திறந்து கிடக்கிறது. மலை மறித்தால்தான் காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகும். மறிப்பார் இல்லாத வாயிலில் அது வேகமாக ஓடிவிடுகிறது. கிழக்கே போகப்போக மழை மெலிகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உண்டு. கேரளத்தில் வேறெங்கும் காண முடியாத மண் அது. பருத்தியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்த பூமி. பனை நிற்கிறது, மயில் அகவுகிறது. எல்லைப் பலகையைப் பார்க்காவிட்டால் பொள்ளாச்சி எங்கே முடிகிறது, சித்தூர் எங்கே தொடங்குகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

தமிழ் மாணவர்களாகிய நாம் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. மலையும் காடும் தம் இயல்பு கெட்டால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்றார் இளங்கோவடிகள். எவ்வளவு நுட்பமான பார்வை! பாலை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறது. இந்தக் கருத்தை இலக்கியத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் பெற்றுவிட்டு மறந்துவிடுகிறோம். நம் எல்லைப்புறச் சிறுநகர்களின் வாழ்வை விளக்க அதைவிடப் பொருத்தமான கருத்து எனக்குத் தெரியவில்லை. மழை குறைவது இயற்கையின் செயல். ஊர் வறண்டு போவது மனிதர் செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நாம் செய்யும் முதற்பிழை என்பது என் கருத்து.

சான்றுகள் காட்ட வேண்டுமன்றோ? நீரிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். கிணற்றின் ஆழம் நாற்பது அடி. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. கிணறு அறுபது அடியாயிற்று. அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. இன்று அதே தோட்டத்தில் குழாய் எண்ணூறு அடிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வருவது பாதி நீர், பாதி காற்று. மழை நாற்பது அடியிலிருந்து எண்ணூறு அடிக்குக் குறைந்துவிடவில்லை. பூமிக்குள் இறங்கியதைவிட மிகுதியாக மேலே எடுத்தோம், அவ்வளவே. எங்கள் தோட்டத்தின் கதை வட்டாரத்தின் கதையும் ஆகும். மழைக்குப் பெயர் பெற்ற கேரளத்தில், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட வட்டாரமாகச் சித்தூர் குறிக்கப்பட்டது.

மேல்நீர் என்ன ஆயிற்று? சித்தூர் வழியே ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று ஒரு பெயர் உண்டு. துயர் துடைப்பவள் என்பது பொருள். எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் அதன் கரையில் இருக்கிறது. அந்த ஆற்றின் தலைப்பகுதி தமிழகத்தில் ஆழியாற்றோடு சேர்ந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தால் பொள்ளாச்சியும் உடுமலையும் செழித்தன, அதில் ஐயமில்லை. இருமாநில உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணையில் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரப்பட வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்பது உடன்படிக்கை. அப்படியானால் 1988இல் பேசியிருக்க வேண்டும். 2019இல் இருமாநில முதலமைச்சர்கள் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைத்தபோதும் அதே பேச்சுதான் மேசைமேல் இருந்தது. கோடை தோறும் மணக்கடவில் எவ்வளவு வந்தது, எவ்வளவு குறைந்தது என்று இரு பக்கமும் கணக்குக் காட்டுகின்றன. இரு பக்கத்துக் கணக்கிலும் வராத ஒருவர் உண்டு. கால்வாயின் கடைமடையில் நின்று வானத்தையும் மதகையும் மாறிமாறிப் பார்க்கும் உழவர்.

நீர் யாருடையது என்ற கேள்வியை நாடறியக் கேட்ட ஊரும் இங்கேதான் இருக்கிறது. பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையைச் சொல்கிறேன். 2000இல் அங்கே கோக்கோ கோலா நிறுவனம் ஆலை தொடங்கியது. கிணற்று நீர் வற்றியது, கெட்டது என்று சுற்றியிருந்த பழங்குடி மக்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் மறியல் தொடங்கியது. எரவாளர் குலத்தில் பிறந்த மயிலம்மா என்னும் ஏழை மூதாட்டி அப்போராட்டத்தின் முகமாக விளங்கினார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்று அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004இல் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010இல் அரசு அமைத்த குழு மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் சட்ட முன்வரைவு நிறைவேற்றியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார்.

மழை குறைந்த ஓர் ஊரைத் தேடி, நீரையே மூலப்பொருளாகக் கொண்ட ஆலை ஏன் வந்தது? நிலம் மலிவு, கூலி மலிவு, நெடுஞ்சாலை அண்மை, கேட்பார் இல்லை என்ற எண்ணம். இதில் எந்தக் காரணமும் வானத்திலிருந்து இறங்கியதன்று.

காட்டுக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டத்தின் வடகிழக்கில் அட்டப்பாடி மலைநாடு இருக்கிறது. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அந்தப் பகுதியில் பவானியும் சிறுவாணியும் ஓடுகின்றன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காடு வெட்டப்பட்டது. கிழக்குச் சரிவுகள் மொட்டையாயின. ஓடைகள் கோடையில் மடிந்தன. 1996இல் ஜப்பானியக் கடனுதவியுடன் அகளியை மையமாக வைத்து மலையை மீட்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மரம் நட்டார்கள், மண் தடுப்பும் சிற்றணையும் கட்டினார்கள், சில சரிவுகள் மீண்டும் பசுமை கொண்டன. திட்டம் பற்றிக் குறை சொல்வோரும் உண்டு. ஆயினும் ஒரு பாடம் தெளிவு. குறிஞ்சியைப் பாலையாக்கவும் மனிதனால் முடிகிறது. பாலையை ஓரளவு மீட்கவும் அவனால் முடிகிறது.

இனி வாணிகம். சிறுநகர் என்பது எதனால் நகர் ஆகிறது? சுற்றுப்புற விளைபொருள் அங்கே வந்து சேர்ந்து, உருமாறி, விலை ஏறி வெளியே செல்வதால் ஆகிறது. எங்கள் சிறுநகர்களில் சேர்வதும் செல்வதும் நடைபெறுகின்றன. நடுவில் உள்ளது நடைபெறுவதில்லை. முதலமடை மாம்பழத்தைப் பாருங்கள். நாட்டின் பிற பகுதிகளில் மாமரம் பூத்து நிற்கும்போதே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முந்திப் பழுப்பதே இதன் செல்வம். வணிகர் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறார். கூடையும் பெட்டியும் வடநாட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. பிழிந்து சாறாக்கும் ஆலையும் குளிர்ப் பதனக் கிடங்கும் ஊருக்கு ஊர் இருந்தால் விலை விழும் நாளிலும் உழவர் விழாமல் நிற்பார். தென்னந்தோப்பு கூடியிருக்கிறது, நாள்தோறும் விடியலில் சித்தூர் வட்டத்துக் கள் வண்டியேறி மேற்கு மாவட்டங்களுக்குப் போகிறது. வேலந்தாவளம் சந்தையில் இருமாநில உழவரும் கொண்டுவந்து கொட்டும் காய்கறி மாலைக்குள் மறைந்துவிடுகிறது. மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்தது, அதுவும் மூடப்பட்டது. அதை நம்பிக் கரும்பு வைத்தவர்கள் வேறு பயிருக்கு மாறினார்கள்.

இதற்கு மாறான காட்சி ஒன்று மறையூரில் உண்டு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற பழைய ஊர்களைக் கொண்டு அப்பள்ளத்தாக்கை அஞ்சுநாடு என்பார்கள். சந்தனக் காடும் பெருங்கற்கால முனியறைகளும் அங்கே உண்டு. கரும்பு விளைந்த வயலின் ஓரத்திலேயே ஆலைக் கொட்டகை. சாறு பிழிந்து கொப்பரையில் காய்ச்சிக் கையாலேயே உருட்டுகிறார்கள். 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. வயலில் விளைந்தது ஊரிலேயே உருமாறுவதால் கூலியும் ஊரிலேயே தங்குகிறது. பிற இடத்து மலிவு வெல்லத்தை மறையூர்ப் பெயரில் விற்பவர்கள் இருப்பதே அப்பெயருக்கு உள்ள மதிப்பைக் காட்டும். கொட்டகை சிறிது, பொருளாதாரப் பாடமோ பெரிது.

மூன்றாவது சான்று எல்லைக் கோடு. சித்தூர் கொச்சி அரசில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. மறையூர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. மொழிவழிப் பிரிவினை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காற்றும் ஆறும் சந்தையும் மொழி பார்த்து ஓடுவதில்லை. கேரளத்து ஆறுகளில் மூன்று மட்டுமே கிழக்கு நோக்கி ஓடுகின்றன. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு அவற்றுள் ஒன்று. அது உடுமலைக்கு அருகே அமராவதி அணையில் சேர்கிறது. மறையூர்க்காரருக்குத் துணி எடுக்கவும் மருத்துவம் பார்க்கவும் உடுமலை. எங்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும். 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில் எல்லை அடைக்கப்பட்டபோது, ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் வேலையுமாக இருந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். தலைநகரில் வரைபடத்தைப் பார்ப்போருக்கு அது ஒரு கோடு. எங்களுக்கு அது நாள்தோறும் நடந்து போகும் தெரு.

அந்தக் கோட்டையே நம்பிப் பிழைத்த கடைகளும் உண்டு. சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலத்தில் தேநீர்க் கடை, உணவு விடுதி, பழுது பார்க்கும் பட்டறை என்று எல்லை ஊர்கள் பெருத்தன. 2017இல் சரக்கு சேவை வரி வந்தது. வணிக வரிச் சாவடிகள் போயின. லாரிகள் நிற்காமல் ஓடின. வரி முறை எளிதானது நன்றே. ஆனால் தானாக ஒன்றையும் ஆக்காமல் பிறர் காத்திருப்பதால் வாழ்ந்த நகர், அவர் காத்திருப்பு முடிந்ததும் வாடிவிடும் என்பதையும் அது காட்டிற்று.

"மழை இல்லாத ஊரில் தொழில் எப்படி வளரும்?" என்று கேட்பவர் உண்டு. அவருக்குக் கோவையே விடை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள அந்த நகருக்கும் மழை குறைவுதான். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவே. அதே கரிசல், அதே பருத்தி. 1888இல் அங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, மோட்டாரும் பம்பும் செய்தார்கள், கல்லூரிகள் கட்டினார்கள். மழை வந்து கோவையை வளர்க்கவில்லை. ஆக்கும் தொழிலும் மின்சாரமும் கல்வியும் கூடி வளர்த்தன.

கோவையை அப்படியே பின்பற்றுவோம் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்நகர் குடிக்கும் சிறுவாணி நீர் எங்கள் மாவட்டத்து மலையிலிருந்து செல்கிறது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நாடறியும். பிறர் நீரை வாங்கி, தன் ஆற்றைக் கெடுத்து வளரும் வளர்ச்சி எல்லா ஊருக்கும் ஒத்துவராது. மராட்டியத்தில் முன்பு அகமதுநகர் எனப்பட்ட பகுதியில் ஹிவ்ரே பஜார் என்ற சிற்றூர் உண்டு. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. 1990களிலிருந்து அவ்வூர் மக்கள் பொபட்ராவ் பவார் என்ற ஊராட்சித் தலைவரின் வழிகாட்டலில் வரப்பும் குளமும் கட்டினார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்று தாமே விதி செய்துகொண்டார்கள். கரும்பும் வாழையும் வேண்டாம் என்றார்கள். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, இருக்கும் நீருக்கு ஏற்ப என்ன பயிரிடலாம் என்று ஊர்ச் சபையில் முடிவு செய்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வரவுக்கு ஏற்ற செலவு என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதையே அவர்கள் நீரில் செய்தார்கள்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று: புதிய ஆலைக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ இசைவு தருமுன் ஊர்ச் சபையில் நீர்க் கணக்கு வைக்கப்பட வேண்டும். தமிழ் பேசும் ஊர்களில் அக்கணக்கு தமிழிலும் இருக்க வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியில் அரசுக்கு எழுதி அம்மொழியிலேயே விடை பெற உரிமை தந்துள்ளது. உரிமை ஏட்டில் உறங்கலாமா? இரண்டு: மாங்காய்க்கும் தேங்காய்க்கும் காய்கறிக்கும் உருமாற்றும் தொழில், உழவர் கூட்டுறவின் கையில், ஊரிலேயே எழ வேண்டும். மூன்று: எல்லையின் இரு பக்கமும் உள்ள மழை மறைவு நிலத்தை ஒரே நிலமாகக் கருதி ஆராயும் நிலையான இருமாநிலக் குழு வேண்டும், கடைமடை உழவருக்கு அதில் இடம் வேண்டும்.

அரசிடம் மட்டும் வேண்டினால் போதுமா? நாம் என்ன செய்யப்போகிறோம்? மாணவர் பலரும் இத்தகைய சிறுநகர்களிலிருந்து வந்தவர்களே. உடன்குடிப் பக்கத்தார் இருக்கலாம், விளாத்திகுளத்தார் இருக்கலாம், தருமபுரியார் இருக்கலாம். பட்டம் பெற்றதும் பெருநகரில் வேலை. ஊருக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகை. மாம்பழம் போலவே நாமும் உருமாறாமல் கூடையேறிச் செல்கிறோம் அல்லவா? ஊரிலேயே இருந்துவிடுங்கள் என்று அறிவுரை கூற எனக்கு உரிமை இல்லை; நானும் பேருந்து ஏறி வந்தவன்தான். ஆனால் வரும் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு வற்றியது. சந்தைக்கு என்ன வருகிறது, எங்கே போகிறது. எந்த ஆலை எப்போது மூடிற்று என்று முதியோரைக் கேட்டு எழுதுவோம். பொருளியல் மாணவர் கணக்கிடட்டும். நிலவியல் மாணவர் வரைபடம் தரட்டும். தமிழ் மாணவர் நல்ல தமிழில் எழுதட்டும். அடுத்த ஆண்டு இதழில் பத்து ஊர்களின் நீர்க்கணக்கு வெளிவருமானால், பத்துத் தலையங்கங்களைவிட அது பயன் தரும்.

என் அறைத் தோழருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. நாற்பத்து நான்கு ஆறுகளும் அவர் புத்தகத்தில் சரியாகவே இருந்தன. எங்கள் ஊர்க் கிணறுதான் அதில் இல்லை. அதை எழுத வேண்டியவர் அவரல்லர், நாம்.